பியூரெட்டைப் பிடிக்க வேண்டிய கை

மனம் அளவுமீறி எழுவதும் அடியோடு சோர்வதுமாக மாறி மாறி வரும் இருமுனையப் பிறழ்வுக்காகப் பல ஆண்டுகள் லித்தியம் உட்கொண்டு வந்த நான், பக்கவிளைவுகளின் காரணமாக அதை விட்டு வால்புரோயேட்டுக்கும், பின்னர் அதையும் விட்டு லமோட்ரிஜினுக்கும் மாற நேர்ந்தது. அந்த மாற்றங்கள் எப்படி நடந்தன, எவற்றைப் பார்த்து முடிவெடுத்தோம், இடைக்காலத்தில் எவை கடினமாக இருந்தன என்பதையெல்லாம் விவரமாக எழுதி வைக்க விரும்புகிறேன். இந்நோயைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அறிகுறிகளோடு நின்றுவிடுகின்றன; மருந்து தொடங்கிய பிறகு வரும் நீண்ட வாழ்க்கையைப் பற்றி, அதிலும் ஒரு மருந்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும் மாதங்களைப் பற்றி, மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. நான் மருத்துவர் இல்லை. திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். இங்கே வரும் மருந்தளவுகளைப் பார்த்து யாரும் தம் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

லித்தியத்தைக் குறை சொல்லித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு நோய் வந்தது. உறக்கமே இல்லாமல், பேச்சு நிற்காமல், நகையை அடகு வைத்து வேண்டாத பொருள்களை வாங்கிக் குவித்த வாரங்களும், அவற்றைத் தொடர்ந்து குழந்தையைத் தூக்கக்கூடக் கை எழாத மாதங்களும் வந்தன. முன்னதை எழுச்சி நிலை என்றும் பின்னதைச் சோர்வு நிலை என்றும் சொல்வார்கள். அந்த இரண்டையும் லித்தியம்தான் நிறுத்தியது. நான் பள்ளிக்குத் திரும்பியதும், என் பிள்ளைகள் தாயின் முகம் பார்த்து வளர்ந்ததும் அந்த மாத்திரையால்தான். தனிம வரிசை அட்டவணையில் மூன்றாவதாக நிற்கும் இந்த உலோகத்தைப் பதினொன்றாம் வகுப்பில் கார உலோகங்கள் பாடத்தில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். சுடரில் காட்டினால் கருஞ்சிவப்பு நிறம் தரும் அதன் உப்பு, அதே நாள் இரவு என் மாத்திரையிலும் இருக்கும். 1949-இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் எழுச்சி நிலையில் இருந்த நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ 1954-இல் முறையான ஆய்வின் மூலம் அதை உறுதிப்படுத்தினார். அமெரிக்காவில் 1970-இல்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. இதயநோயாளிகளுக்குச் சமையலுப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு அங்கே கடைகளில் விற்கப்பட்டு, அளவின்றி உண்டவர்களில் சிலர் 1949-இல் இறந்துபோனார்கள். அந்த அச்சம் நீங்க நெடுங்காலம் பிடித்தது.

நோயை அடக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே லித்தியத்தில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. தொடர் சிகிச்சையில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை பற்றிய கவலை எழும். இதற்கான சோதனைக்குக் கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால், இரவு எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தில் கையை நீட்டி, அங்கிருந்தே பள்ளிக்குப் போவேன். ஒருநாள் ரத்தம் எடுக்க வந்த இளைஞர் பச்சை மூடி போட்ட குழாயைக் கையில் எடுத்தார். அந்தக் குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்கப் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின் சேர்த்திருப்பார்கள். அதில் எடுத்தால் என் உடம்பில் இல்லாத லித்தியமும் கணக்கில் ஏறிவிடும். “தம்பி, இது லித்தியம் டெஸ்ட். பச்ச மூடி வேண்டாம், செவப்பு மூடியில எடுங்க” என்றேன். அவர் சீட்டை மறுபடி படித்துப் பார்த்து, குழாயை மாற்றிக்கொண்டார். ஊருக்கு ஊர் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் இந்தச் சோதனை அரிதாகவே வருகிறது என்பதால், லித்தியம் உட்கொள்பவர்கள் இதைத் தாங்களே அறிந்துவைத்திருப்பது நல்லது.

பக்கவிளைவுகளில் முதலில் வந்தது கைநடுக்கம். உட்கார்ந்திருக்கும்போது தெரியாது, எதையாவது நுட்பமாகப் பிடிக்கும்போது தெரியும். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் பருமனறி பகுப்பாய்வை மாணவிகளுக்கு முன்னால் நான் ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். பிப்பெட்டில் 20 மில்லிலிட்டர் கரைசலைக் குறிவரை நிறுத்தி, கூம்புக் குடுவையில் விட்டு, சூடாக்கி, பியூரெட்டின் திருகைச் சிறிது சிறிதாகத் திறந்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒவ்வொரு துளியாக விழ, வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் அந்த ஒரு துளியில் கையை நிறுத்த வேண்டும். என் கை நிற்கவில்லை. ஒரு துளி விழ வேண்டிய இடத்தில் சரசரவென்று விழுந்து, குடுவை முழுவதும் ஊதாவாகிவிட்டது. முன்வரிசையில் நின்ற மாணவி ஒருத்தி, “மிஸ், திருக நான் பிடிக்கட்டுமா?” என்று மெல்லக் கேட்டாள். அவள் கையில் விட்டுவிட்டு அளவுகளை மட்டும் நான் வாசித்தேன்.

நடுக்கத்தைவிட என்னை அலைக்கழித்தது தாகம். சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளங்களுக்குள் லித்தியம் புகுந்து, நீரைத் திரும்ப உறிஞ்சச் சொல்லும் ஹார்மோனின் கட்டளை அங்கே எடுபடாமல் செய்துவிடுகிறது; அதனால் சிறுநீர் அதிகமாகப் போகிறது, தாகமும் அடங்குவதில்லை. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையுமே என்று மற்றவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உடம்பில் நீர் குறைந்தால் லித்தியத்தின் அளவு ஏறிவிடும் என்பதால் அந்த வழியும் அடைபட்டது. பாடவேளைகளுக்கு நடுவே ஓடுவதைச் சமாளித்துக்கொள்ளலாம். அரசுப் பொதுத்தேர்வில் அறைக் கண்காணிப்பாளராக மூன்று மணி நேரம் நிற்கும் நாளை எப்படிச் சமாளிப்பது? நான் அந்தப் பணிக்கு முந்தைய இரவெல்லாம் தேர்வெழுதப் போகும் பிள்ளையைவிடப் பதற்றமாக இருந்திருக்கிறேன்.

சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தோடு சேர்த்தே நடத்துகிறது என்பதால் உணவிலும் கவனம் வேண்டியிருந்தது. உப்பு குறைந்தால் சோடியத்தை உடம்பு இறுக்கிப் பிடிக்கும். அதோடு லித்தியமும் தங்கிவிடும். எங்கள் அத்தை கந்த சஷ்டிக்கு உப்பில்லாமல் விரதம் இருப்பவர். மருமகளும் இருக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். நான் விரதம் இருக்க முடியாததை அவர் மனம் நோகாமல் புரிந்துகொள்ள, மருத்துவரே ஒருநாள் அவரை அழைத்துப் பேச வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும் நாட்களிலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

மருத்துவர் இவற்றையெல்லாம் கேட்டவுடன் மருந்தை மாற்றிவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் மொத்த மாத்திரையையும் இரவு ஒரே வேளைக்குக் கொண்டுவந்தார். தாகம் ஓரளவு குறைந்தது. பிறகு ரத்த அளவு 0.6-க்கு அருகில் நிற்கும்படி மருந்தளவைச் சற்றுக் குறைத்தார். நடுக்கத்துக்குப் பொதுவாக புரோப்ரனலால் கொடுப்பது வழக்கமாம். எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா இருப்பதால் அது ஆகாது என்றுவிட்டார். தைராய்டு சுரப்பு குறைந்து, அதைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு ஏறியபோது, காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரையைச் சேர்த்தார். பலர் தைராய்டு என்றதும் லித்தியத்தை நிறுத்திவிட வேண்டும் என்று எண்ணுகிறார்கள். குறைந்த ஹார்மோனை மாத்திரையால் ஈடுசெய்துவிட முடியும் என்பதால், அதற்காக மட்டும் நன்றாக வேலை செய்யும் மருந்தை இழக்கத் தேவையில்லை என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. எந்தப் பக்கவிளைவோடு வாழலாம், எதை மாத்திரையால் ஈடுகட்டலாம், எதற்காக மருந்தையே மாற்ற வேண்டும் என்று தரம் பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இடையே கடைவாய்ப்பல் வலிக்காகப் பல் மருத்துவமனை ஒன்றுக்குப் போயிருந்தேன். உட்கொள்ளும் மருந்துகள் என்ற இடத்தில் லித்தியம் என்று படிவத்தில் எழுதியே கொடுத்தேன். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. வலிக்கு டைக்ளோஃபினாக் எழுதித் தந்தார்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்தின் வழியாக லித்தியம் வெளியேறுவதைக் குறைத்துவிடும். சில நாட்களில் வயிற்றைப் புரட்டியது. கை முழுவதும் பெரிதாக உதறத் தொடங்கியது. வராந்தாவில் நடக்கையில் கால் தடம் மாறிப் போயிற்று. அவசரமாக எடுத்த ரத்தத்தில் லித்தியம், இருக்க வேண்டிய 1.0-ஐத் தாண்டி 1.4 என்று வந்தது. மாத்திரையை நிறுத்தி, குளுக்கோஸோடு உப்புநீர் ஏற்றி, அளவு இறங்கும்வரை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் ஒரு நிமிடத்தில் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் அது என்பதை இப்போதும் கோபத்தோடுதான் நினைக்கிறேன். அன்றிலிருந்து எந்த மருத்துவரிடம் போனாலும், காய்ச்சலுக்கோ கண்ணுக்கோ ஆனாலும், சீட்டு எழுதும் முன்பே வாயால் சொல்லிவிடுகிறேன். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் லித்தியத்தை விட வைத்தது சிறுநீரகத்தின் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்து, அதிலிருந்து சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். அது சில ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 60-க்குக் கீழே போய், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் கீழேயே நின்றது. லித்தியத்தைப் பல பத்தாண்டுகள் உட்கொண்டும் சிறுநீரகம் கெடாதவர்கள் ஏராளமானோர் உண்டு. ஆகவே இதைப் படித்து யாரும் அஞ்ச வேண்டாம். என் விஷயத்தில் சிறுநீரக மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டு, இன்னும் இருபது முப்பது ஆண்டு வாழ வேண்டிய பெண்ணுக்கு இந்தச் சரிவை நீடிக்க விடக்கூடாது என்று முடிவுக்கு வந்தார்கள். நடுக்கத்துக்காக மட்டும் என்றால் நான் லித்தியத்தை விட்டிருக்க மாட்டேன். என்னை மீட்டுத் தந்த மருந்தை விடுவது, பழகிய வீட்டைக் காலி செய்வது போலிருந்தது; நான் இரண்டு நாள் அழுதேன்.

அடுத்து வந்தது சோடியம் வால்புரோயேட். 1882-இல் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு, எண்பது ஆண்டுகள் வெறும் கரைப்பானாக மட்டுமே ஆய்வகங்களில் பயன்பட்ட ஓர் அமிலம் இது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் வேறு சேர்மங்களைக் கரைப்பதற்காக இதைப் பயன்படுத்தியபோது, அந்தக் கரைப்பானுக்கே வலிப்பைத் தடுக்கும் ஆற்றல் இருப்பது தெரியவந்தது. எழுச்சி நிலைக்கு இது நன்றாக வேலை செய்யும். சீட்டை எழுதும் முன் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இனிக் கருத்தரிக்க வாய்ப்பு உண்டா என்பது. இரண்டாம் பிரசவத்தின்போதே எனக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை முடிந்துவிட்டதால் எனக்குச் சிக்கல் இல்லை. ஆனால் இளம்பெண்கள் இதை அழுத்தமாக அறிந்திருக்க வேண்டும்: கருவுற்றிருக்கும்போது வால்புரோயேட் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறைபாடுகளும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சி சார்ந்த சிக்கல்களும் ஏற்படுகின்றன. முதுகுத்தண்டு சரியாக மூடாமை போன்றவை, கருத்தரித்ததே தெரியாத முதல் வாரங்களில் உருவாகிவிடும். ஐரோப்பாவில் 2018 முதல், கருத்தடைக்கான திட்டவட்டமான ஏற்பாடு இல்லாமல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. நம் ஊரில் திருமணத்தை எதிர்நோக்கியிருக்கும் பெண்ணிடம் இதைப் பேச மருத்துவரும் கூசுகிறார், பெற்றோரும் கூசுகிறார்கள். கூச்சத்துக்கு இங்கே இடமில்லை.

ஒரு மருந்தை நிறுத்திவிட்டு மறுநாள் இன்னொன்றைத் தொடங்குவதில்லை. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் எழுச்சி நிலை வேகத்தோடு திரும்பிவரும் ஆபத்து உண்டு. குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு குறைக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு வால்புரோயேட்டைச் சேர்த்து ஏற்றிக்கொண்டே லித்தியத்தை ஒவ்வொரு மாத்திரையாக இறக்கினார்கள். இரண்டும் உடம்பில் இருந்த அந்த வாரங்கள்தான் கடினமானவை. இரண்டுமே நடுக்கம் தருபவை. காலையில் கண் திறக்க முடியாத மயக்கம் புதிய மருந்தாலா, சோர்வு நோய் திரும்பி வருவதாலா என்று பிரித்தறிய முடியாது. மனம் சற்றுத் தெளிவாக, உற்சாகமாக இருந்தால் அதுவும் அச்சமூட்டும்; நலமாக இருக்கிறேனா, ஏறத் தொடங்கிவிட்டேனா என்று என்னையே ஐயுற வேண்டியிருந்தது.

இதற்கு மருத்துவர் சொன்ன வழி ஒரு குறிப்பேடு. எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு விழித்தேன், மனம் எப்படி, எந்த மாத்திரை எவ்வளவு என்று நாளுக்கு ஒரு வரி. அதோடு, என் சொந்த யோசனையாக, ஒவ்வொரு நாளும் பக்கத்தின் ஓரத்தில் அளவுகோல் வைக்காமல் ஒரு பென்சீன் வளையம் வரைந்தேன்: அறுகோணம், உள்ளே ஒரு வட்டம். நடுக்கம் அதிகமான நாட்களில் வட்டத்தின் ஓரம் ரம்பத்தின் பல்லாக வரும். கை நடுக்கம் கூடியிருக்கிறதா என்று மருத்துவர் கேட்டபோது, நினைவிலிருந்து பதில் சொல்லாமல் பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். “டீச்சர், இத வச்சே டோஸ் முடிவு பண்ணலாம் போலருக்கே” என்று சொல்லி, அவர் உண்மையாகவே ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

என் கணவரிடமும் தனியாகப் பேசினார். எழுச்சி நிலை தொடங்கும்போது அது நோயாளிக்குத் தெரிவதில்லை. நலமாக இருப்பதாகவே தோன்றும். ஆகவே என் பழைய அறிகுறிகளை மூவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம்: மூன்று நான்கு மணி நேரம் மட்டும் உறங்கியும் களைப்பில்லாமல் எழுவது, இரவு பதினொரு மணிக்கு உறவினர்களுக்குத் தொலைபேசியில் பேசுவது, சேலைக் கடைக்குத் தனியாகக் கிளம்புவது, யார் பேசினாலும் குறுக்கிடுவது. இவற்றில் இரண்டு சேர்ந்தால், நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அவர் மருத்துவரை அழைக்கலாம் என்று நான் கையெழுத்திட்டேன். இது எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோய் முற்றிய நிலையில் தனக்கு எப்படிச் சிகிச்சை தரப்பட வேண்டும், எப்படித் தரப்படக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. மருத்துவரை உடனே அணுக முடியாத இரவுகளுக்கென்று அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐயும் அதே தாளில் எழுதி வைத்தோம்.

லித்தியம் முழுவதும் போன பிறகு தாகம் அடங்கியது. இரவில் எழாமல் விடியும்வரை உறங்கினேன். அடுத்த பொதுத்தேர்வில் கண்காணிப்புப் பணியை மனஅமைதியோடு செய்தேன். ஆனால் வால்புரோயேட் தன் பங்குக்கு வேறு கணக்கைத் தொடங்கியது. பசி அடங்கவே இல்லை. உணவு உண்டு அரைமணி நேரத்தில் மறுபடி சமையலறையில் நிற்பேன். ரவிக்கைகளை எல்லாம் தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்து விட வேண்டியதாயிற்று. தலைமுடி கைநிறையக் கொட்டியது. பின்னல் மெலிந்து, பூ வைத்தால் நிற்காமல் நழுவியது. “டீச்சர், நல்லா உடம்பு போட்டுட்டீங்களே” என்று பார்ப்பவரெல்லாம் சொன்னார்கள். ரத்தச் சோதனையில் கல்லீரல் சரியாக இருந்தது. தட்டணுக்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. நடுக்கமோ, மருந்தளவு ஏற ஏற, லித்தியக் காலத்தைவிட மோசமாகி, குறிப்பேட்டில் பென்சீன் வளையங்கள் வளையங்களாகவே இல்லை.

எடையையும் முடியையும் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த வேறொரு மருத்துவர், வேறு மருந்தால் எடை கூடியதைச் சொன்னபோது, “உயிர் முக்கியமா, அழகு முக்கியமா?” என்று கேட்டார். நோயாளி வாயடைத்துப் போகும்படியான கேள்வி அது. எடை கூடினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பின்தொடரும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன் உருவம் தனக்கே அந்நியமாகும் துயரத்தைச் சொல்ல இடம் கிடைக்காத பெண்கள்தான், வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறார்கள். மருத்துவமனையின் காத்திருப்பு வரிசையில் அப்படி எறிந்து, மறுபடி நோய்வாய்ப்பட்டு வந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் அழகுக்காக உயிரை விடத் துணிந்தவர் இல்லை. கேட்பாரில்லாமல் தனியே முடிவெடுக்க நேர்ந்தவர்கள். “முடி கொட்டுகிறது, இந்த மருந்தோடு என்னால் தொடர முடியாது” என்று ஒரு நோயாளி சொன்னால், அதை ரத்தச் சோதனை அறிக்கைக்குச் சமமான தகவலாக மருத்துவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மருந்து என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பக்கவிளைவு என் பிழைப்பையும் நாளையும் குலைக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். இரண்டு அறிவும் ஒரே மேசையில் வைக்கப்படாமல் நல்ல முடிவு வராது. இப்போதுள்ள என் மருத்துவர், “ஒங்க வேலைக்கு எது முக்கியம், அத மொதல்ல சொல்லுங்க” என்று கேட்பவர். கை, பகலில் விழிப்பு, எடை என்று வரிசையாகச் சொன்னேன்.

அந்த வரிசையை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது லமோட்ரிஜின். 2003-இலிருந்து இருமுனையப் பிறழ்வின் தொடர் சிகிச்சைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. எடையைப் பொதுவாக ஏற்றாது; மந்தமும் குறைவு. சோர்வு நிலை திரும்புவதைத் தடுப்பதில் வல்லது. எழுச்சி நிலையைத் தடுப்பதில் அவ்வளவு வல்லது அன்று. இதற்கென்று பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு: தோல் தடிப்பு. சாதாரணத் தடிப்பு பத்தில் ஒருவருக்கு வரலாம். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குத் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியாக அது முற்றக்கூடும். மருந்தை வேகமாக ஏற்றினால் ஆபத்து கூடும் என்பதால் மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். வால்புரோயேட் உடன் இருந்தால் இன்னும் மெதுவாக. கல்லீரல் லமோட்ரிஜினைக் குளுக்குரோனைடாக மாற்றி வெளியேற்றும் வேலையை வால்புரோயேட் தடுப்பதால், அது உடம்பில் தங்கும் காலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே எனக்கு முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் நாள்தோறும் 25, பிறகு 50, பிறகு 100 என்று ஏறியது. வால்புரோயேட்டை இறக்கி நிறுத்தும்போது அதே காரணத்தால் லமோட்ரிஜினின் அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது. சில நாட்கள் தொடர்ச்சியாக மாத்திரை விட்டுப்போனால், பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக்கூடாது, மருத்துவரைக் கேட்டு அடியிலிருந்து ஏற வேண்டும் என்றும் சொன்னார்கள். வெளியூர்த் திருமணத்துக்குப் போகும்போதெல்லாம் கைப்பையில் ஒரு அட்டை, பெட்டியில் ஒரு அட்டை என்று பிரித்து வைப்பது அப்போது தொடங்கிய பழக்கம்.

ஏற்றும் வாரங்கள் வைகாசி வெயிலில் அமைந்தன. திருநெல்வேலியில் அந்த மாதத்தில் யாருக்குத்தான் வேர்க்குரு வராது? கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி கண்டாலும் நெஞ்சு படபடக்கும். இந்த வாரங்களில் புதிய சோப்பு, புதிய எண்ணெய், இதுவரை உண்ணாத பண்டம் எதுவும் வேண்டாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். தடிப்பு வந்தால் காரணத்தைத் தேடிக் குழம்ப வேண்டாமே என்பதற்காக. காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தொட்டால் வலிக்கும் தோல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்பது கட்டளை. ஒருநாள் மார்பிலும் முதுகிலும் சிவந்துவிட்டது. தோல் மருத்துவரிடம் ஓடினோம். அவர் விளக்கொளியில் பார்த்து, அழுத்திப் பார்த்து, வாயையும் கண்ணையும் சோதித்து, வேர்க்குருதான் என்று எழுதித் தந்தார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

லமோட்ரிஜின் 200-க்கு வந்து நிலைத்தபோது, மேலே ஏறும் பக்கத்துக்குக் காவலாக இரவில் குறைந்த அளவு குவெட்டியபின் சேர்க்கப்பட்டது. ஒரே மாத்திரையில் எல்லாம் அடங்கும் என்ற என் ஆசை நிறைவேறவில்லை. லித்தியம் தனியாகச் செய்த வேலையை இப்போது இரண்டு மருந்துகள் பகிர்ந்து செய்கின்றன. குவெட்டியபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது என்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கிறோம். இதுவரை எல்லைக்குள் இருக்கின்றன. சிறுநீரகத்தின் கணக்கு மேலே ஏறிவிடவில்லை, ஆனால் இறங்குவது நின்றிருக்கிறது; சிறுநீரக மருத்துவர் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். தைராக்சின் தொடர்கிறது. கொட்டிய முடி நெற்றியோரத்தில் குட்டையாக முளைத்து நிற்கிறது. சென்ற செய்முறைத் தேர்வுக்கு முன் பியூரெட்டை நானே பிடித்துச் செய்துகாட்டினேன்.

மீதமிருப்பது காலை மந்தம். குவெட்டியபின் போட்ட மறுநாள் காலை ஒன்பதரை மணிவரை தலை கனக்கிறது. முதல் பாடவேளையில் பலகையில் சமன்பாட்டைச் சமன்செய்யும்போது, தெரிந்த எண்ணே சற்றுத் தாமதமாக வருகிறது. மாத்திரையை இரவு பத்து மணியிலிருந்து எட்டு மணிக்கு முன்னகர்த்திப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதைத் தொடங்கியிருக்கிறேன், குறிப்பேட்டிலும் எழுதி வருகிறேன். தலைமை ஆசிரியையிடம், உடல்நலக் காரணம் என்று மட்டும் சொல்லி, ஜூனில் கால அட்டவணை போடும்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு எனக்கு இரண்டாம் பாடவேளைக்கு மேல் தருமாறு கேட்டிருக்கிறேன். அவர் சரி என்றிருக்கிறார்.